ஓர் ஆசானும் ஒரு பருவமும்

இலங்கைக் கிரிக்கெட் அணியின் வரலாற்றில் 1995ஆம் ஆண்டின் நடுப்பகுதி தொடக்கம் 1996 மார்ச் வரையுள்ள காலம் ஒரு தனி அத்தியாயம். புதிய பயிற்றுநர் ஒருவர் பொறுப்பேற்ற முதற் பருவம் அது. அப்பருவத்தில் நம்மவர் பாகிஸ்தானை அதன் மண்ணிலேயே வென்றனர். அவுஸ்திரேலியாவில் தோல்வியும் அவமானமும் கண்டனர். ஈற்றில் லாகூர் நகரில் உலகக் கிண்ணத்தைக் கையிலேந்தினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்ட பின்பும் அக்கதையைச் சொல்லக் கேட்டால் பதுளைக் கடைவீதியில் நடப்போர் ஒரு கணம் நின்றே செல்வர்.

வெற்றிக் கதையை மறுபடியும் பாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஓர் ஆசிரியன் ஒரே பருவத்தில் எதைச் சாதிக்க முடியும், எதைச் சாதிக்க முடியாது என்னும் வினா நமக்கு முக்கியமானது. கல்லூரி வகுப்பறையில் நாள்தோறும் நிற்கும் நம்மைப் போன்றோருக்கும், பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டு நல்ல காலத்துக்குக் காத்திருக்கும் பெற்றோருக்கும் அவ்வினா பொதுவானது. ஊவாவின் தோட்டப்புறங்களில் அதற்கு இன்னுங் கூடுதலான பொருள் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

வருமுன் இருந்த நிலை

இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981இல். முதலாவது டெஸ்ட் 1982 பெப்ரவரியில் கொழும்பில் இங்கிலாந்துக்கு எதிராக நடைபெற்றது. ஆற்றல் மிக்க துடுப்பாட்ட வீரர்களுக்கு அன்றும் குறைவில்லை. எனினும் அழகாக ஆடித் தோற்பவர்கள் என்னும் பெயரே நம்மவருக்கு நெடுங்காலம் நிலைத்திருந்தது. 1975 முதல் 1992 வரை நடைபெற்ற ஐந்து உலகக் கிண்ணப் போட்டித் தொடர்களில் இலங்கை வென்ற ஆட்டங்கள் மொத்தம் நான்கே. 1979இல் இந்தியாவையும், 1983இல் நியூசிலாந்தையும், 1992இல் சிம்பாப்வேயையும் தென்னாபிரிக்காவையும் வென்றதோடு கணக்கு முடிந்துவிட்டது.

நீதியாகச் சொல்வதானால், மாற்றத்தின் முதல் அறிகுறி புதிய பயிற்றுநர் வருவதற்கு முன்னரே தோன்றிவிட்டது. 1995 மார்ச்சில் நியூசிலாந்தின் நேப்பியர் நகரில் இலங்கை தன் முதலாவது வெளிநாட்டு டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. ஆகவே, வந்தவர் பாலைவனத்தில் பயிர் செய்தவரல்லர். முளைவிட்ட பயிருக்கு நீர் பாய்ச்சியவர்.

வந்தவர் யார்?

டேவ் வட்மோர் 1954இல் கொழும்பில் பிறந்தவர். 1962இல், எட்டு வயதுச் சிறுவனாகக் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். 1979ஆம் ஆண்டில் அந்நாட்டுக்காக ஏழு டெஸ்ட் ஆட்டங்களில் ஆடினார். விளையாட்டு வீரர் என்ற முறையில் அவர் பெரும்புகழ் பெற்றவரல்லர். இது கவனிக்கத்தக்கது. தான் சிறப்பாகச் செய்தவனைவிட, ஒரு காரியம் எங்கே கடினமாகிறது என்பதை உணர்ந்தவனே பல வேளைகளில் நல்ல ஆசிரியனாகிறான். கணிதத்தில் இயல்பாகவே வல்லவரான சிலர், பின்வாங்கும் மாணவனுக்கு விளக்கிச் சொல்ல இயலாமல் திகைப்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

பிறந்த மண்ணுக்குப் பயிற்றுநராக 1995இல் வந்த வட்மோர் தம் நாட்டவரான இயன்மருத்துவர் அலெக்ஸ் கொண்டூரியுடன் இணைந்து பணியாற்றினார். துடுப்பைப் பிடிக்கும் முறையை மாற்றுவதில் அவர்கள் நாட்டம் செல்லவில்லை. உடல் உரம், களத்தடுப்பு, ஒழுங்கான பயிற்சி ஆகிய மூன்றிலுமே அவர்கள் கவனம் பதிந்தது. களத்தடுப்பில் மிச்சம் பிடிக்கும் பத்து ஓட்டங்கள் துடுப்பால் அடிக்கும் பத்து ஓட்டங்களுக்குச் சமம் என்பது எளிய கணக்கு; ஆயினும் எளிய கணக்குகளைத்தானே நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம்!

பிறவித் திறமை ஒருவரிடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிடியெடுக்கக் குனிவதும், ஓட்டத்துக்கு விரைவதும், மாலை வரை சோர்வின்றி நிற்பதும் உழைப்பால் யாவர்க்கும் கைகூடும். ஆசிரியனின் முதற்கடமை இந்தப் பகுதியைச் செப்பஞ் செய்வதே.

கடல் கடந்த ஓர் உவமை

கடல் கடந்த நாடொன்றிலும் இதற்கு ஒப்பான கதையுண்டு. அமெரிக்க நாட்டில் ஆடப்படும் உதைபந்தாட்டம் நாமறிந்த உதைபந்தாட்டமன்று; பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் முட்டி மோதியும் ஆடும் ஆட்டம் அது. அங்கே தொழில்முறை அணியின் தலைமைப் பயிற்றுநர் மைதான ஓரத்தில் நின்றபடியே படைத்தலைவனைப் போல ஆட்டத்தை நடத்துகிறார். கிறீன் பே என்னும் சிறிய நகரத்தின் அணி 1958இல் பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்றை மாத்திரமே வென்றது. மறு ஆண்டில் வின்ஸ் லொம்பார்டி என்பவர் பயிற்றுநரானார். அதே பன்னிரண்டு ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஏழு வெற்றிகள் கிடைத்தன. 1961 முதல் 1967 வரையிலான ஏழு ஆண்டுகளில் ஐந்து முறை அவ்வணி தேசிய வாகை சூடியது. அந்த லொம்பார்டி முன்னாளில் ஒரு பாடசாலையில் பௌதிகமும் இரசாயனமும் இலத்தீனும் கற்பித்த ஆசிரியர் என்பதை அறியும்போது நமக்குச் சிறிது பெருமிதம் உண்டாவது இயல்பே.

ஆயின், கிரிக்கெட்டில் நிலை வேறு. வீரர் களத்தில் இறங்கியபின் ஆட்சி அணித்தலைவருடையது. பயிற்றுநரோ எல்லைக் கோட்டுக்கு அப்பால் அமர்ந்து பார்த்திருக்க வேண்டியவர். தேர்வு மண்டபத்தின் வாயிலோடு ஆசிரியனின் பணி நின்றுவிடுவது போன்றதே இது. எனவே அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்கவுக்கும் வட்மோருக்கும் இடையே பொறுப்புகள் பங்கிடப்பட்டன. ஒருவர் ஆயத்தஞ் செய்தார், மற்றவர் களத்தில் முடிவெடுத்தார்.

முதற் சோதனைகள்

1995 செப்டெம்பரில் பாகிஸ்தான் சென்ற இலங்கை அணி, பெஷாவரில் நடந்த முதலாவது டெஸ்டில் இன்னிங்ஸ் தோல்வி கண்டது. பழைய கதைதான் என்று பலரும் எண்ணியிருப்பர். அடுத்துப் பைசலாபாத்தில் 42 ஓட்டங்களாலும், சியால்கோட்டில் 144 ஓட்டங்களாலும் நம்மவர் வென்று, தொடரை இரண்டுக்கு ஒன்று எனக் கைப்பற்றினர். முதல் தோல்விக்குப்பின் மனந்தளராது மீண்டெழும் குணம் அங்கே வெளிப்பட்டது. ஒக்டோபரில் ஷார்ஜாவில் நடைபெற்ற முத்தரப்புப் போட்டியின் இறுதியாட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளை வென்று இலங்கை கிண்ணம் பெற்றது.

அதன்பின் வந்தது அவுஸ்திரேலியப் பயணம். பேர்த் நகர டெஸ்டில், பந்தைச் சேதப்படுத்தியதாக நம்மவர்மீது குற்றஞ் சுமத்தப்பட்டது. பின்னர் அக்குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. 1995 டிசெம்பர் 26ஆந் திகதி மெல்பேர்ண் மைதானத்தில், பெருந்திரளான மக்கள் முன்னிலையில், நடுவர் டரல் ஹெயார் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு எறிதலாகும் எனக் கருதி ஏழு முறை 'நோ போல்' என அறிவித்தார். இருபத்து மூன்று வயது இளைஞருக்கு அது எத்தகைய நாளாக இருந்திருக்கும்! ஜனவரியில் பிரிஸ்பேனில் மற்றொரு நடுவரும் அவ்வாறே அறிவித்தார். டெஸ்ட் ஆட்டங்கள் மூன்றிலும் இலங்கை தோற்றது.

பருவம் முழுவதும் அணியின் உண்மையான தேர்வு இங்கேதான் நடைபெற்றது என்பது நம் துணிபு. அவரை ஓரங்கட்டிவிட்டுப் புறப்படுதல் எளிதாயிருந்திருக்கும். உலகக் கிண்ணத்துக்கு இரண்டே மாதங்கள் இருந்தன. சர்ச்சைக்குரிய ஒருவரை வைத்துக்கொண்டு எதற்கு வீண் தொல்லை என்று சொல்வோரும் எங்கும் இருப்பர். அணித்தலைவரும் முகாமையாளர் துலீப் மென்டிஸும் பயிற்றுநரும் அவ்வாறு செய்யவில்லை. முரளிதரன் உலகக் கிண்ண அணியில் இடம்பெற்றார். பின்னர் 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் நடைபெற்ற பரிசோதனைகள், பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாத முழங்கை அவருடையது என்பதையும், எறிவதுபோலத் தோன்றுவது கண்ணின் மயக்கமே என்பதையும் காட்டின.

தோல்வியில் விளைந்த துணிவு

அந்த அவுஸ்திரேலியப் பயணத்தின் ஒருநாள் ஆட்டங்களிலேயே மற்றொரு மாற்றமும் உருவெடுத்தது. முதற் பதினைந்து ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே இருவர் மாத்திரமே களத்தடுப்புக்கு நிற்கலாம் என்பது அன்றைய விதி. அவ்வேளையில் அவசரப்படாது விக்கெட்டைக் காப்பதே பெரும்பாலான அணிகளின் வழக்கம். 1992இல் நியூசிலாந்து அணி அதனை மீறி ஆடிப் பயன் கண்டதுண்டு. இலங்கையோ அதனை முழுக் கொள்கையாகவே ஆக்கிற்று. மாத்தறையிலிருந்து வந்த சனத் ஜயசூரியவோடு, விக்கெட் காப்பாளரான ரொமேஷ் களுவிதாரண தொடக்க வீரராக உயர்த்தப்பட்டார். தொடக்கம் முதலே அடித்தாடும்படி இருவருக்கும் அனுமதி அளிக்கப்பட்டது.

அந்த யோசனை தலைவருடையதா, முகாமையாளருடையதா, பயிற்றுநருடையதா எனப் பிரித்துப் பார்ப்பதிற் பயனில்லை. யோசனையின் உயிர் 'அனுமதி' என்னும் சொல்லில் இருக்கிறது. அடித்தாடி ஆட்டமிழந்தால் ஏச்சுக் கிடையாது என்னும் உறுதி இல்லாவிடின் எந்த வீரனும் துணிந்து துடுப்பை வீசமாட்டான். பிழை விட்டால் பிரம்படி விழுமென அஞ்சும் மாணவன் கரும்பலகையண்டை வருவானா? திருவள்ளுவர் பொருட்பாலிலே 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். தக்கவன் இவன் என ஆராய்ந்து கண்டபின், காரியத்தை அவனிடமே ஒப்புவித்துவிட வேண்டும் என்பது அதன் சாரங்களுள் ஒன்று.

கிண்ணம் வந்த கதை

1996 ஜனவரி 31ஆந் திகதி கொழும்பில் மத்திய வங்கிக் கட்டடத்தில் குண்டு வெடித்தது. ஏறத்தாழ 90 உயிர்கள் பலியாயின. அதன் காரணமாக அவுஸ்திரேலிய அணியும் மேற்கிந்திய அணியும் கொழும்பில் ஆட மறுத்தன. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றுசேர்ந்து ஓர் அணியை அனுப்பி, பெப்ரவரி 13இல் கொழும்பில் ஆடி நமக்கு ஆறுதல் கூறின. வராத இரு அணிகளுக்குரிய ஆட்டங்களின் புள்ளிகள் இலங்கைக்குக் கிடைத்தன. இதனால் நம்மவரின் வெற்றியை அதிர்ஷ்டம் எனக் கூறியவரும் உண்டு. எஞ்சிய ஆட்டங்களே அவர்களுக்குத் தக்க விடையாயின.

சிம்பாப்வே தோற்றது. டில்லியில் சச்சின் டெண்டுல்கரின் 137 ஓட்டங்களோடு இந்தியா 271 பெற்றும், இலங்கை அதனைக் கடந்தது. நம் மலைநாட்டுத் தலைநகராம் கண்டியில், கென்யாவுக்கு எதிராக 398 ஓட்டங்கள் குவிக்கப்பட்டு அந்நாளைய உலக சாதனை நிலைநாட்டப்பட்டது. காலிறுதியில் இங்கிலாந்தின் பந்துவீச்சைச் சிதறடித்து ஜயசூரிய 44 பந்துகளில் 82 ஓட்டங்கள் பெற்றார். மார்ச் 13இல் கல்கத்தாவில் நடந்த அரையிறுதியில் தொடக்க வீரர் இருவரும் முதல் ஓவரிலேயே ஆட்டமிழந்தபோதும், அரவிந்த டி சில்வா 47 பந்துகளில் 66 பெற்று ஆட்டத்தைத் திருப்பினார். இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்ற நிலையில் கூட்டத்தினர் குழப்பம் விளைவிக்கவே, வெற்றி இலங்கைக்கு அளிக்கப்பட்டது.

1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. லாகூர் கடாபி மைதானத்தில் இறுதியாட்டம். நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க அவுஸ்திரேலியாவை முதலில் ஆடப் பணித்தார். அதுவரை நடந்த ஐந்து இறுதியாட்டங்களிலும் இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடிய அணி ஒன்றேனும் வென்றதில்லை! ஒரு விக்கெட்டுக்கு 137 என வலுவோடிருந்த எதிரணி, சுழற்பந்துக்கு முன் தடுமாறி 241இல் நின்றது. முரளிதரன் பத்து ஓவர்களில் 31 ஓட்டங்களே கொடுத்தார். அரவிந்த மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தியதோடு, துடுப்பெடுத்து ஆட்டமிழக்காது 107 பெற்றார். அசங்க குருசிங்க 65, ரணதுங்க ஆட்டமிழக்காது 47. இலங்கை ஏழு விக்கெட்டுகளால் வென்றது. அன்றிரவு பதுளையிலும் பண்டாரவளையிலும் பட்டாசு ஓசை மலைகளில் மோதி எதிரொலித்தது.

பயிற்றுநர் என்ன செய்தார்?

அரவிந்தவின் சதத்தை வட்மோர் அடிக்கவில்லை. நாணயச் சுழற்சியின் முடிவும் அவருடையதன்று. வீரர்களின் திறமை அவர் வருமுன்னரே இருந்தது. அவ்வாறாயின் அவர் செய்தது என்ன? உடலை ஆயத்தஞ் செய்தார். பயிற்சியை ஒழுங்கு செய்தார். தலைவருக்குரிய இடத்தைத் தலைவருக்கு விட்டார். சுருங்கச் சொல்லின், திறமை நின்று விளையாடுவதற்கு ஓர் இடத்தைச் செம்மைப்படுத்திக் கொடுத்தார். ஆசிரியன் ஒருபோதும் திறமையைப் படைப்பதில்லை. அது நிற்பதற்குத் தரையைச் சமன்செய்து தருகிறான். பின்னாளில் பங்களாதேஷ் அணியின் முதலாவது டெஸ்ட் வெற்றி 2005இல் கிட்டியபோதும், கேரள மாநில அணி 2018–19 பருவத்தில் ரஞ்சிக் கிண்ண அரையிறுதியை முதன்முறையாக எட்டியபோதும் பயிற்றுநராயிருந்தவர் இதே வட்மோர்தான்.

இந்த உண்மைக்கு இன்னொரு சான்று முரளிதரனின் பள்ளிப் பருவத்திலேயே உண்டு. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் மித வேகப் பந்துவீச்சாளராகவே தொடங்கினார். அக்கல்லூரிப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, அவருக்குப் பதினான்கு வயதாயிருந்தபோது சுழற்பந்து வீசிப் பார்க்கும்படி சொன்னார். அவ்வொரு சொல்லின் விளைவு, 2010 ஜூலையில் காலி மைதானத்தில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டாக முடிந்தது. உலகில் வேறெவரும் எட்டாத எண் அது.

ஊவாவின் பிள்ளைகள்

முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்டத் தொழிலுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். தந்தையார் கண்டியில் பிஸ்கட் உற்பத்தி செய்யும் தொழிலதிபரானார். பேரனோ நாட்டின் கொடியை உலகெங்கும் உயர்த்தினார். 1948இல் குடியுரிமையை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் படிப்படியாகவே அதனை மீளப்பெற்ற ஒரு சமூகத்துக்கு இம்மூன்று தலைமுறைக் கதையின் பொருள் சொல்லாமலே விளங்கும். மெல்பேர்ண் மைதானத்தில் தலைவர் அவர் பக்கம் நின்றபோது, தோட்டத்து லயங்களிலும் நெஞ்சம் நிமிர்ந்தது அதனாலேயே.

ஆயின், முரளிதரனுக்குக் கிடைத்த கல்லூரியும் மைதானமும் பயிற்றுநரும் பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உண்டா? றதல்லையிலும் டரவலையிலும் தோட்டத் துரைமார் ஆடிய பழைய கிரிக்கெட் மைதானங்கள் உள்ளன. தொழிலாளர் பிள்ளைகள் ஆடியதோ பெரட்டுக்களத்திலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னுள்ள சிறு சமநிலத்திலும். மலைச் சரிவில் மைதானத்துக்கு இடமேது? பந்து தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தால் அடித்தவன் ஆட்டமிழந்தான் எனப் பிள்ளைகள் தாமே ஒரு விதி வகுத்துக்கொள்கின்றனர். நிலமே வகுத்த விதி அது. பலகையைச் செதுக்கித் துடுப்பாக்கி, சரிவுக்கேற்பக் காலை ஊன்றி ஆடும் அவர்களின் கண்ணும் கையும் எந்த நகரத்துப் பிள்ளைக்கும் குறைந்தவையல்ல.

விளையாட்டில் மாத்திரமன்று, கல்வியிலும் இதே நிலைதான். விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகள் உள்ளன. வந்த ஆசிரியரும் ஈராண்டில் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவர். ஒரே பருவத்தில் ஓர் அணியின் போக்கு மாறக் கூடுமாயின், ஒரே ஆசிரியர் ஐந்து ஆண்டு நிலைத்திருந்து உழைத்தால் ஒரு தோட்டத்தின் தலைமுறையே மாறக் கூடுமன்றோ? அரசும் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் ஒன்றுகூடி, தோட்டந்தோறும் ஒரு சமநிலத்தையும், பாடசாலைதோறும் நிலைத்து நிற்கும் ஆசிரியரையும் உறுதிசெய்தல் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. வேண்டுவது செய்து முடிக்கும் மனம்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வோம். உங்கள் திறமையை உங்களுக்கு முன்னரே கண்டுகொள்ளும் ஒருவர் எங்கேனும் இருக்கக்கூடும். மித வேகம் விட்டுச் சுழற்றிப் பார் என்று அவர் சொல்லும்போது கேட்டுப் பாருங்கள். பெற்றோர்க்கும் ஒன்று. பிள்ளை ஒரு முறை தவறினால் அவனைக் களத்திலிருந்து அழைத்து வந்துவிடாதீர்கள். பெஷாவரில் தோற்ற அணியே சியால்கோட்டில் வென்றது. ஆசிரியத் தொழிலிலுள்ள நமக்கோ கடமை இன்னுந் தெளிவானது. கிண்ணம் நம் கையில் ஒருபோதும் தரப்படாது. படத்திலும் நாம் ஓரத்திலேயே நிற்போம். ஆனாலும் சரிவான நிலத்தில் ஒரு பிள்ளை கால் ஊன்றி நிற்க ஓரடித் தரையைச் சமன்செய்து கொடுப்போமாயின், நம் பருவம் வீண்போனதாகாது.